அம்மாவுக்கு வங்கி தேடிய ஆனி மாதம்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பெரியப்பா, திருச்சியில் மகன் வீட்டோடு போய் இருப்பது என்று முடிவு செய்தார். அதுவரை எங்கள் வீட்டுக்கு வங்கி என்றால் அவர்தான்.
2. எனக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. ஆனி முடிவதற்குள் வந்து சேரச் சொன்னார்கள்.
3. அப்பா மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். அடுத்த விடுமுறைக்கு நாள் நிறைய இருந்தது.
4. ஆகவே நான் கிளம்புவதற்குள், யார் துணையும் இல்லாமல் பணம் போடவும் எடுக்கவும் அம்மா பழகியாக வேண்டும்.
5. அதற்கு ஏற்ற இடத்தை நான் தேர்ந்தெடுத்தேன். நன்றாக யோசித்து, மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுத்தேன்.
6. அம்மா அந்த இடத்தில் ஒரு ரூபாய்கூடப் போடவில்லை.

எங்கள் ஊர் சுவாமிமலைக்கு அப்பால், வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. அப்பா வெளிநாடு போனபோது நான் சின்ன வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். கும்பகோணத்தில் ஓர் அரசு வங்கியில் அம்மா பேரில் கணக்குத் தொடங்கி, பாஸ்புக்கையும் செக் புக்கையும் தன் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவர் அனுப்பும் பணம் அந்தக் கணக்கில் வரும். மாதம் பிறந்ததும் அம்மா ஒரு செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். பெரியப்பா பஸ் ஏறிப் போய் எடுத்துவந்து தருவார். இடையில் தேவைப்பட்டால் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. "எதுக்கும்மா?" என்று மட்டும் கேட்பார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தம்பி பணத்துக்குப் பொறுப்பாக இருக்கிறோம் என்ற நினைப்புத்தான். ஆனால் அம்மா அந்த ஒரு கேள்விக்கான பதிலைத் தெரு முழுக்கத் தயார் செய்துகொண்டே நடப்பாள். கூடவே நடந்த எனக்கு அவள் உதடு அசைவது தெரியும். பள்ளிச் சுற்றுலாவுக்கு, என் கண்ணாடிக்கு, அவளுடைய பல் வலிக்கு. பல் வலிக்குத்தான் நீளமான பதில் தயாரானது.

அம்மா பத்தாவது வரை படித்தவள். ரவிக்கை தைத்துத் தருகிறாள்; எங்களுக்கு இருக்கும் கொஞ்சம் வயலையும் பார்த்துக்கொள்கிறாள். ஊரில் பாதிப் பெண்களின் அளவு அவளுக்கு மனப்பாடம். அந்தக் காசு தையல் மெஷின் டிராயரில் கிடக்கும். வங்கியில் போட வேண்டும் என்று ஆசைதான். ஆனால் பெரியப்பா கையில் கொடுத்துப் போடச் சொன்னால் எவ்வளவு என்று எண்ண வேண்டிவரும், எண்ணினால் எதற்கு என்று பேச்சு வரும். அதனால் டிராயரிலேயே கிடந்தது.

பெரியப்பா கிளம்புவதற்குச் சில நாள் முன்பு வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொடுத்தார்.

"இந்தாம்மா, பாஸ்புக்கு, செக் புக்கு. இந்தப் பையும் பேங்க் போற பைதான். கத்திரிக்கா வாங்க எடுத்துட்டுப் போயிடாத."

"இனிமே யாரு மாமா போவா?" என்று அம்மா கேட்டாள்.

"ஏன், இன்ஜினியரம்மா எதுக்கு இருக்கு?"

"அதான் ஓசூர் போவுதே."

"அப்ப நம்ம பையன்கிட்ட விட்டுருவோம். அவன் ஃபோன்லயே எல்லாத்தையும் பாத்துருவான். உனக்கு வேணுங்கறப்ப ஒரு போன் போட்டுச் சொன்னாப் போதும்."

அம்மா தலையசைத்தாள். பெரியப்பா மகனான அந்த அண்ணன் நல்லவன். ஆனால் அந்த ஏற்பாட்டில், தெரு முழுக்கத் தயார் செய்த பதிலை இனி அம்மா திருச்சி வரைக்கும் சொல்ல வேண்டியிருக்கும்.

"வேண்டாம் பெரியப்பா, அம்மாவே பாத்துக்குவாங்க" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெரியப்பா சிரித்தார். "பாத்துக்கிட்டா எனக்குச் சந்தோஷம்தான். முடியலேன்னா சொல்லுங்க, ஆனி முடியறதுக்குள்ள அவனை வரச் சொல்லி எல்லாத்தையும் மாத்திடலாம்."

நான் படித்தது கருவியியல். அழுத்தமானியும் எடைக் கருவியும் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுப்பது என் தொழில். வங்கி தேர்ந்தெடுப்பதையும் அதே மாதிரி செய்தேன். வீட்டிலிருந்து தூரம், காத்திருக்கும் நேரம், கணக்கில் எப்போதும் இருக்க வேண்டிய குறைந்த தொகை, படிவம் தமிழில் உண்டா, உட்கார இடம் உண்டா, பணம் பத்திரமா. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட்டேன். இடங்கள் மூன்று. மூன்றுக்கும் அம்மாவையும் அழைத்துப் போனேன்.

முதலாவது, ஓசூர் வேலைக்காக நான் சம்பளக் கணக்குத் தொடங்கியிருந்த தனியார் வங்கி. கும்பகோணத்தில் பெரிய கடைத்தெருவில் கண்ணாடிக் கதவோடு இருந்தது. குளிர்சாதனம் ஓடியது. எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். டை கட்டிய இளைஞர் ஒருவர் குறைந்தபட்ச இருப்பைப் பற்றி விளக்கினார். இருப்பு அதற்குக் கீழே போனால் பிடித்தம் உண்டு என்றார்.

"யாரு பிடிப்பா?" என்று அம்மா கேட்டாள்.

"சிஸ்டமே பிடிச்சிடும் மேடம்."

"நம்ம காசை வைக்கறதுக்கு நாமளே தண்டம் கட்டணுமா?"

அவர் உடனே ஒரு காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "தண்ணி நல்லா ஜில்லுனு இருந்துச்சு." அவ்வளவுதான் அவளுடைய மதிப்பீடு.

இரண்டாவது, கணக்கு ஏற்கெனவே இருந்த அரசு வங்கி. பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். உள்ளே கால் வைக்க இடமில்லை. பென்ஷன் வாங்க வந்தவர்கள், நகைக்கடன் வாங்க வந்தவர்கள், மகளிர் குழுக்காரர்கள். பேனாவை நூலில் கட்டி வைத்திருந்தார்கள். நூல் இருந்தது, பேனா இல்லை. ஒரு பெண் சலானை நீட்டி, "யக்கா, இதுல எந்தப் பக்கம் எழுதணும்?" என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா காட்டிக் கொடுத்தாள். டோக்கன் வர நெடுநேரம் ஆயிற்று. நான் காத்திருக்கும் நேரத்துக்குப் பத்துக்கு ஒன்று போட்டேன்.

மூன்றாவது, எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கம். வீட்டிலிருந்து நடந்தே போகலாம். குறுவைக்கு உரம் வந்து இறங்கியிருந்ததால் வாசல்வரை மூட்டை. கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கேஷியர் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்க வாங்க. நம்ம சங்கத்துக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

எல்லாப் படிவமும் தமிழில். குறைந்த இருப்பு மிகச் சிறிய தொகை. வட்டியும் மோசமில்லை. அவசரம் என்றால் வீட்டுக்கே ஆள் அனுப்பிச் சொல்வேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை.

"செவ்வாயும் வெள்ளியும்தான் நான் இங்க. மத்த நாள் பக்கத்து ஊர் சங்கம். ஆளு ஒண்ணு, நாற்காலி ரெண்டு. என்ன பண்றது?"

வாரத்தில் இரண்டு நாள் போதுமே என்று நினைத்தேன். கூட்டிப் பார்த்தால் சங்கம் வெகுதூரம் முன்னால் நின்றது. அன்றைக்கே, அது ஒரு வெள்ளிக்கிழமை, அம்மாவை உறுப்பினராகச் சேர்த்துக் கணக்குத் தொடங்கினேன். பங்குத் தொகையையும் முதல் தொகையையும் என் கைப்பையிலிருந்து நான்தான் கட்டினேன். கேஷியர் பணத்தை வாங்கும்போது அம்மா வெளியே உர மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த கட்டம் ஒத்திகை. நான் வீட்டிலேயே இருப்பேன். அம்மா டிராயர் காசில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்த் தானே போட்டுவிட்டு வர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை போனாள். போன வேகத்தில் திரும்பினாள். "ஒரே கூட்டம்டி."

வெள்ளிக்கிழமை தலைவலி என்றாள். அடுத்த செவ்வாய், அவசரமாகத் தைத்துக் கொடுக்க ஒரு கல்யாண ரவிக்கை வந்துவிட்டது. அதற்கடுத்த வெள்ளி கிளம்பிப் போனாள். பாதி வழியில் யாரோ நாற்றங்காலைப் பார்க்கக் கூப்பிட்டார்கள் என்று அந்தப் பக்கம் போய்விட்டாள்.

பயம் என்று முடிவு கட்டினேன். சங்கத்துக்கு வெளியே நின்று எனக்கு ஃபோன் போட்டுக்கொண்டே உள்ளே போ என்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். அம்மா தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எனக்குப் பேசத் தெரியாதா?" என்று மெஷினுக்குக் கீழே வைத்துவிட்டாள். இதற்கிடையில் திருச்சியிலிருந்து பெரியப்பா ஃபோன் செய்தார். "என்னம்மா, பழகிட்டியா? இல்லேன்னா பையன் ஞாயித்துக்கிழமை வரேங்கறான்." அம்மா ஃபோனைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "பழகிக்கிட்டிருக்கேன் மாமா" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

பக்கத்து வீட்டு அத்தை ரவிக்கை வாங்க வந்தபோது அம்மா கொல்லையில் இருந்தாள். என் முகத்தைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், செவ்வாய் வெள்ளி என்றதும் ரவிக்கையை முகத்தில் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏன்டி இன்ஜினியரு, வெள்ளிக்கிழமையும் அதுவுமா உங்கம்மா வீட்டுக் காசைக் கொண்டுபோய் இன்னொருத்தர் கையில குடுப்பாளா? எனக்கு ஒரு கை உப்புக் குடுக்க மாட்டா! போன வாரம் நான் தையக்கூலி மிச்சச் சில்லறை கேட்டேன், நாளைக்கு வான்னு அனுப்பிட்டா. சில்லறை கையிலதான் வச்சிருந்தா!"

எனக்குத் தெரியாத விஷயமா இது? எங்கள் வீட்டில் பால்காரருக்குக் காசு வியாழக்கிழமையே போய்விடும். செவ்வாயும் வெள்ளியும் வீட்டிலிருந்து பணம் வெளியே போகாது. போனால் லட்சுமியும் கூடப் போவாள் என்பது கணக்கு. நான் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். வெள்ளிக்கிழமை அம்மாவிடம் காசு கேட்டு வாங்க முடியாது என்று வியாழக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளும் பெண்ணாகத்தான் இருந்தேன். ஆனால் வங்கியில் போடுவது கொடுப்பது ஆகாது என்று என் மூளை எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. பேர் அவளுடையது, பணம் அவளுடையது, இடம் மட்டும் மாறுகிறது. எனக்கு அது இடமாற்றம். அம்மாவுக்கு, கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு மனிதர் கையை நீட்டுகிறார், இவள் கொடுக்கிறாள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அத்தை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டியா?" என்று அம்மா அவரைக் கேட்டாள்.

"நீ சொல்ல மாட்டே. இவளுக்குத் தெரியாது. அப்ப நாந்தானே சொல்லணும்?" என்று சொல்லிவிட்டு அத்தை கிளம்பினார்.

நான் கேட்டேன். "ஏம்மா, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எவ்வளவு அலைஞ்சு கண்டுபிடிச்சே. மார்க்கெல்லாம் போட்டே. இதப் போயிச் சொன்னா, மூடநம்பிக்கைன்னு ஒரு வார்த்தை சொல்லுவ. எனக்கு அதைக் கேக்க வேணாம்னு இருந்துச்சு."

நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேன். அவள் கணிப்பு சரி.

"எடுக்கறதுன்னா வெள்ளிக்கிழமை பரவாயில்லையா?"

"பணம் வீட்டுக்கு வர்றதுக்கு என்ன? வெள்ளிக்கிழமை வந்தா நல்லதுதான்."

"அப்ப, போடறதுக்கு மட்டும் வேற நாள் வேணும்."

அம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"எனக்கு அந்தக் கும்பகோணம் பேங்க்தான்டி பிடிச்சுது."

"அந்தக் கூட்டமா? பேனாகூட இல்ல!"

"பேனா நான் எடுத்துட்டுப் போறேன். அங்க யாரும் யாரையும் பாக்கல. இங்க கேஷியரு தங்கமான மனுஷன்தான். ஆனா நான் எவ்வளவு போட்டேங்கறது, நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிடும். அவரு சொல்ல மாட்டாரு. உரம் வாங்க நிக்கறவங்க பாப்பாங்கல்ல? அங்க அந்தப் பொண்ணு என்னைப் பாத்து யக்கா, எங்க எழுதணும்னு கேட்டா பாரு. எனக்கும் தெரியும்னு நெனச்சுத்தானே கேட்டா?"

அவள் தொடர்ந்தாள்.

"திங்கக்கிழமை போறேன். ராகு காலம் ஏழரைலேருந்து ஒம்போது. பேங்க் தொறக்கறதே பத்துக்கு. ஒரு தொந்தரவும் இல்ல."

அவளும் மனத்துக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள் என்று அப்போது தெரிந்தது. அதில் தூரமும் காத்திருப்பும் இல்லவே இல்லை. காத்திருப்பது அவளுக்குக் குறையாகவே படவில்லை. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்கு வாழ்க்கையில் அதிகம் கிடைத்ததில்லை.

"நானும் வரேன்" என்றேன்.

"நீ வராத."

"வெளியில நிக்கறேன்."

"நீ வெளியில நின்னா நான் உள்ளேருந்து உன்னையேதான் பாத்துக்கிட்டு இருப்பேன். வீட்ல இரு. சாம்பாரை இறக்கி வை."

அந்தத் திங்கட்கிழமை நான் கிளம்புவதற்கு முந்தைய கடைசித் திங்கட்கிழமை. அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, பெரியப்பா கொடுத்த பையில் பாஸ்புக்கையும் டிராயர் காசையும் வைத்துக்கொண்டு போனாள். மேட்டூர்த் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறையப் போய்க்கொண்டிருந்தது. வயலில் நடவு. நான் சாம்பாரை இறக்கினேன். துணி மடித்தேன். பெட்டி அடுக்கினேன். அடுக்கினதைப் பிரித்து மறுபடி அடுக்கினேன். ஃபோன் செய்யக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. ஏதோ தவறிவிட்டது, சோர்ந்துபோய் வருவாள், ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வரச் சொல்ல வேண்டியதுதான் என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

அம்மா வந்தாள். கையில் ஒரு கட்டுக் கீரையும் நூல்கண்டுகளும். வியர்த்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு? போட்டியா?"

"போட்டேன்."

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

"டோக்கன் வர லேட்டாச்சு. அப்பறம் ரெண்டு பேருக்குச் சலான் எழுதிக் குடுத்தேன். ஒருத்தி எழுத்துல ஒரு தொகை, எண்ணுல ஒரு தொகை எழுதி வச்சிருக்கா. திருத்தி எழுதச் சொன்னேன். அப்பறம் பாஸ்புக்கு அடிக்கற மெஷின் நின்னுபோச்சு, நாளைக்கு வாங்கன்னாங்க. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, வரமாட்டேன், இப்பவே அடிச்சுக் குடுங்கன்னு உக்காந்துட்டேன்."

"யார்கிட்ட சொன்ன?"

"மேனேஜர்கிட்டதான். மெஷினை யாரோ தட்டினாங்க, ஓடிச்சு."

அச்சடித்த பக்கத்தைக் காட்டினாள். தொகை இருந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, தேதியை மட்டும் காட்டினாள். பிறகு புத்தகத்தை மூடினாள். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திக்கு யார் எண்ணைக் கொடுத்தாய் என்று கேட்டேன்; பழைய எண் பெரியப்பாவுடையது, மாற்ற வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். "என் நம்பரைத்தான் குடுத்தேன். வேற யாரு நம்பரைக் குடுக்கறது?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் பெரியப்பாவுக்கு அவளே ஃபோன் செய்தாள். மறுமுனையில் அவர் பேசியது எனக்கும் கேட்டது. "தனியாவா? பஸ்லயா? மெஷின் நின்னுபோயிருக்குமே, அது எப்பவுமே நின்னுபோவும், என்னையும் எத்தனையோ தரம் திருப்பி அனுப்பியிருக்கான்." கொஞ்ச நேரம் கழித்து, "நல்லதும்மா. எனக்கு முட்டி வலியோட அந்தப் படி ஏற முடியல. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்" என்றார்.

அம்மா ஃபோனைக் கீழே வைத்தாள். அந்த வங்கிக்கு வாசலில் செங்குத்தாக ஏழெட்டுப் படிகள் உண்டு. எங்களுக்காக அவர் எத்தனை மாதம் அந்தப் படிகளை ஏறி இறங்கியிருக்கிறார் என்று இருவருமே அன்றுதான் நினைத்துப் பார்த்தோம். என் கல்லூரிக் கட்டணம் ஒரு தடவைகூட நாள் தவறியதில்லை. ஒவ்வொரு முறையும் அவர்தான் எடுத்துவந்து கொடுத்தார். "எதுக்கும்மா" என்று கேட்டதைத்தான் நாங்கள் நினைவில் வைத்திருந்தோம். கேட்டுவிட்டுப் போய் வந்ததையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

சங்கத்துக் கேஷியருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். அம்மா போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இந்த ஊர்ல வெள்ளிக்கிழமை பணம் போட வர்றவங்க யாரும்மா? எல்லாரும் எடுக்கத்தான் வருவாங்க. என்னை இங்க திங்கக்கிழமை போடச் சொல்லி நானும் மேல எழுதிப் பாத்துட்டேன்" என்றாராம். உறுப்பினர் பங்கை எடுத்துவிட வேண்டாம், சம்பா பட்டத்துக்கு உரம் வாங்க உதவும் என்று யோசனையும் சொல்லியிருக்கிறார். ரவிக்கையால் முகத்தைப் பொத்திச் சிரித்த அத்தைக்கு, அந்தச் சிரிப்புக்காக, ஓசூரிலிருந்து முதல் முறை ஊருக்கு வந்தபோது ஒரு புடவை வாங்கி வந்தேன். வந்தது சனிக்கிழமை. கொடுப்பதில் தடையில்லை.

இப்போதைய நிலை இது. அம்மாவின் அன்றாடக் கணக்கு கும்பகோணத்து அரசு வங்கியில் இருக்கிறது. திங்கட்கிழமைகளில் போய் வருகிறாள். நடவோ அறுப்போ இருந்தால் புதன்கிழமை போகிறாள். ஊர்ச் சங்கத்தில் உறுப்பினர் பங்கும், நான் கட்டிய முதல் தொகையும் அப்படியே இருக்கின்றன. பெரியப்பா திருச்சியில் இருக்கிறார். முட்டிக்கு வைத்தியம் நடக்கிறது. ஏடிஎம் கார்டு வந்து, உறை பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. அம்மா அதை இன்னும் வேண்டாம் என்கிறாள்.